கொலைக் கல்வெட்டும் காணிக் கணக்கும்

(வடலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இடைக்காலத்து ஊர் ஒன்றில் நிலம் யாருடையதாக இருந்தது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். கேட்டவுடனே கொட்டாவி வரவழைக்கும் தலைப்பு என்று எனக்கே தெரியும். ஆகவே ஒரு கொலையிலிருந்து தொடங்குகிறேன்.

வடலூரிலிருந்து தெற்கே சேத்தியாத்தோப்பு தாண்டினால் வீராணம் ஏரிக்கரை வந்துவிடுகிறது. அந்தக் கரையோடு போனால் ஏரியின் தென்கோடியில் காட்டுமன்னார்கோயில். அதன் பகுதியான உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. கோயில் சுவரில் முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு, கி.பி. 987 வாக்கில் வெட்டப்பட்டது. அரசனின் அண்ணனான ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தாரின் பெயர்களை அது சொல்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்த யாருக்கும் ரவிதாசனைத் தெரியும். கல்வெட்டைப் பதிப்பித்த நீலகண்ட சாஸ்திரியார் தொடங்கிவைத்த வழக்கு, கொலைக்குப் பின்னால் இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் இருந்தானா இல்லையா என்று இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. சாட்சிகள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே போய்விட்ட வழக்கு அது. அதற்குள் நான் நுழையப்போவதில்லை.

என் வியப்பு வேறு. அந்தக் கல்வெட்டு கொலையைப் பற்றியதே அல்ல. கொலை அதில் ஒரு முகவுரை. அது ஒரு நில விற்பனைப் பத்திரம். நம் நாவலாசிரியர்களும் வரலாற்றாசிரியர்களும் முகவுரையைப் படித்துவிட்டுப் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டார்கள்.

பத்திரத்தைப் பிரிப்போம். முதலாம் பராந்தகனின் விருதுப்பெயர் வீரநாராயணன். ஏரிக்கும் அந்தப் பெயர்தான், அதையொட்டிய பிரமதேய ஊருக்கும், அதாவது பிராமணருக்குக் கொடுத்த ஊருக்கும், அதுதான்: வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். வைணவர்கள் நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊராக அதைப் போற்றுகிறார்கள். ஊரை நடத்தியது பெருங்குறி மகாசபை. அரசன் தன் ஓலையை அந்தச் சபைக்குத்தான் அனுப்புகிறான். துரோகிகளின் உடைமை மட்டுமல்ல, அவர்களுடைய தம்பிமார், மக்கள், தகப்பனோடு பிறந்தார், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்ணை எடுத்தவர்கள் எல்லாருடைய உடைமையையும் விற்றுப் பொன்னைக் கருவூலத்தில் சேர்க்க வேண்டும் என்பது ஆணை. மேற்பார்வைக்குக் கொட்டையூர்ப் பிரமஸ்ரீராஜன், புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டன் என்று இருவர் வருகிறார்கள். இப்படி விலைக்கு வந்த நிலத்திலும் மனைகளிலும் ஒரு பகுதியை வியாழகஜமல்லன் என்ற பட்டப்பெயர் கொண்ட பரதன் வாங்குகிறான். வாங்கிக் கோயிலில் பிராமணர் உண்ண அறக்கட்டளையாக வைக்கிறான். கோயிலுக்கு வந்ததால்தான் அந்தப் பத்திரம் கல்லில் ஏறியது. துரோகிகளின் மற்ற நிலங்களை யார் வாங்கினார் என்பதற்குக் கல் இல்லை, ஓலையோடு போயிற்று.

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். சகோதரியின் கணவன், மகளின் கணவன் என்ற தூரம் வரை யாருக்கு எந்தத் துண்டு என்று பிரித்துச் சொல்லச் சபையால் முடிந்திருக்கிறது. அப்படியானால் அந்த ஊரில் நிலம் ஆளாளுக்குப் பங்காகப் பிரிந்து, பெயரோடு, எல்லையோடு இருந்திருக்கிறது. அடுத்தது, நிலம் இழந்தவர்களின் வரிசையில் ஒரு தாய் இருக்கிறாள்: ரேவதாசக் கிரமவித்தனின் தாய் பெரிய நங்கைச் சானி. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கொலைக்குற்றம் சாட்டுகிற வல்லமை உடைய அரசனும் நேரே வயலில் இறங்கி நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சபைக்கு எழுதுகிறான், சபை விற்கிறது. ‘நிலமெல்லாம் ராஜாவுக்குச் சொந்தம்’ என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வாக்கியம் உடையார்குடிச் சுவரில் தடுக்கி விழுகிறது.

வரி கட்டாதவன் நிலத்துக்கும் இதே நடைமுறை இருந்திருக்கிறது. செய்யாறு வட்டாரத்து உக்கலில் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டு முழு ஆண்டு இறை, அதாவது வரி, பாக்கி வைத்த காணியாளரின் (காணி என்னும் நில உரிமை உடையவரின்) நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. அரசனுக்கு வேண்டியது இறை. அது நிலுவையில்லாமல் வரும்வரை காணி காணியாளனுடையது. விற்கலாம், ஒற்றி வைக்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம், கோயிலுக்கு எழுதலாம்.

ஆனால் வீரநாராயணம் ஒரு பிரமதேயம். எல்லா ஊரும் அப்படியா?

இந்தக் கேள்வியை முறையாக எழுப்பியவர் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா. ஆசியச் சமூகங்களில் நிலத்தில் தனியுடைமையே இல்லை என்று 1853இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் கடிதங்களில் எழுதிக்கொண்டது, அடுத்த நூறாண்டுக்கு வரலாற்றாசிரியர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருந்தது. இரு கட்சியினரும் வாதாடினார்களே தவிர, ஊர் ஊராகக் கல்வெட்டை எண்ணிப் பார்க்கவில்லை. கராஷிமா எண்ணினார். திருச்சிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் அக்கம்பக்கமாக இருக்கும் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். முன்னது வேளாளர் ஊரான வெள்ளாண்வகை, பின்னது பிரமதேயம். இரண்டுக்கும் ஒரே ஆறு, ஒரே மண், ஒரே காலம். ஈசானமங்கலத்துக் கல்வெட்டுகளில் நிலத்தைத் தனியாட்கள் விற்கிறார்கள். கிழக்கு எல்லை இன்னாருடைய நிலம், மேற்கு எல்லை இன்னாருடையது என்று பெயர்கள் வருகின்றன. அல்லூரில் விற்பவர் பெரும்பாலும் ‘ஊர்’தான். ஊரார் கூடிப் பொதுவில் விற்கிறார்கள். 1966இல் வெளியான அந்தச் சிறு கட்டுரை சொன்னது இதுதான்: பிரமதேயத்தில் உடையவன் ஒருவன், உழுபவன் வேறொருவன்; வெள்ளாண்வகை ஊரில் உழுகிற வேளாளரே கூட்டாக நிலத்தை வைத்திருந்தார்கள்.

இந்த முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. ஊரார் கூடிப் பொது நிலத்தை விற்றதால் ஊரில் இருந்த நிலமெல்லாம் பொதுவாகிவிடாது. கோயிலுக்குப் போன நிலம் மட்டுமே கல்லில் தெரிகிறது என்று சற்று முன் சொன்னேன். அல்லூர் வேளாளன் ஒருவன் தன் பங்கை அண்ணன் மகனுக்கு விற்றிருந்தால் அதை யார் கல்லில் வெட்டப்போகிறார்கள்? தர்மா குமார் 1985இல் எழுதிய கட்டுரையில், இடைக்காலத் தென்னிந்தியாவில் விற்கவும் வாங்கவும் கூடிய நில உரிமைகள் இருந்தன என்பதை வலுவாகவே எடுத்து வைத்தார். ஆனாலும் கராஷிமாவின் முறை தந்த பயனை யாரும் மறுக்க முடியாது. அவருக்குப் பிறகு எ. சுப்பராயலு போன்றவர்கள் நாடு, வளநாடு, ஊர் என்று இடம் இடமாகப் பிரித்துப் பார்த்ததால்தான், ‘சோழர் காலத்தில்’ என்று தொடங்கி நானூறு ஆண்டை ஒரே வாக்கியத்தில் முடிக்கிற பழக்கம் நம்மில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சரி, ஒரு வயலில் எத்தனை பேருக்கு உரிமை? செப்பேடுகளில் காராண்மை, மீயாட்சி என்று இரண்டு சொற்கள் சேர்ந்தே வரும். காராண்மை உழுது பயிரிடும் உரிமை. மீயாட்சி அதற்கு மேலே நிற்கும் உரிமை. இரண்டும் ஒருவனிடமே இருக்கலாம், இரண்டு பேரிடமும் இருக்கலாம். அதற்கும் மேலே அரசனின் இறை. அந்த இறையையே அரசன் கோயிலுக்கோ பிராமணருக்கோ விட்டுக்கொடுத்தால் அவர்களும் வரிசையில் சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு நிலம் தேவதானமாகும்போது, அதாவது கோயில் நிலமாகும்போது, எழுத்தர் கவனமாக ஒன்றைக் குறிப்பிடுவார்: அது குடிநீக்கித் தேவதானமா, குடிநீங்காத் தேவதானமா என்று. முன்னிருந்த குடிகள் வெளியேற வேண்டுமா, இருந்த இடத்திலேயே இருந்து புதிய உடையவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவர வேண்டுமா என்பதற்கான விடை அந்த ஒரு தொடரில் இருக்கிறது. தானம் என்று நாம் கைகூப்பிப் படிக்கும் கல்வெட்டுகளில் எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டியிருக்கும் என்று கேட்பவர் குறைவு. நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழும் உங்களுக்கு அந்தக் கேள்வியை நான் விளக்க வேண்டியதில்லை.

அளவை விஷயத்துக்கு வருகிறேன். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் விட்டுக்கொடுத்ததை ஆனைமங்கலச் செப்பேடு சொல்கிறது. அது நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததைப் படித்திருப்பீர்கள். ஊரைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை குறிக்கிறார்கள். நிலம் 97 வேலிக்கு மேல். ஆண்டு இறை 8943 கலம் நெல்லும் சில்லறையும். சில்லறையைக் குருணி, நாழி வரை எழுதியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதைவிட நுணுக்கமானவை. கோயிலுக்குக் கொடுத்த ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் இவ்வளவு. அதில் இறை கொடாத நிலம் இவ்வளவு. அதைக் கழித்து மிச்சம் இவ்வளவு என்று பேரேடு போலப் போகிறது. இறை கொடாத நிலத்தின் பட்டியலைப் படித்தால்தான் ஊர் கண்முன் வருகிறது: ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி.

முதலாம் குலோத்துங்கன் 1086இல் நிலத்தை மறுபடி அளந்தான். அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் டூம்ஸ்டே கணக்கெடுப்பை நடத்தினான். இந்த ஒற்றுமையைச் சொல்லி மகிழாத பேராசிரியர் தமிழ்நாட்டில் கிடையாது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மகிழ்ச்சி கொஞ்சம் இறங்கும். டூம்ஸ்டேயில் நிலமும் உண்டு, ஏர் எத்தனை, குடியானவர் எத்தனை, அடிமைகள் எத்தனை என்ற எண்ணிக்கையும் உண்டு. நம் கணக்கர் நிலத்தை மாவுக்கும் காணிக்கும் கீழே, முந்திரிகைக்கும் கீழே, நினைத்தே பார்க்க முடியாத பின்னம் வரை இறங்கி அளந்தார். பறைச்சேரியின் பரப்பையும் அதே துல்லியத்தில் எழுதினார். அந்தச் சேரியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அந்தக் கணக்கு கேட்கவில்லை. அவர்கள் இறை கொடுப்பவர்கள் இல்லை, ஆகவே கணக்கில் அவர்களுக்கு வரிசையில்லை. உழைப்புக்குப் பெயர் இல்லாமல் இடம் மட்டும் பதிவான சமூகம் அது. நம் ஊர்களின் நில வரலாறு எழுதுகிற யாரும் இந்த ஒரு கசப்பை விழுங்கித்தான் தொடங்க வேண்டும்.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் நிலை மாறுகிறது. வெள்ளாண்வகை ஊர்களிலும் தனியாட்கள் நிலத்தை விற்கிறார்கள். ‘இன்ன ஊர் உடையான்’ என்றும் அரையன் என்றும் மூவேந்தவேளான் என்றும் பட்டம் சுமந்தவர்களிடம் பல ஊர்களில் நிலம் சேர்கிறது. படையில், அரசுப் பணியில் சம்பாதித்தவர்கள் காவிரிக் கடைமடையில் நிலம் வாங்கிக் குவித்ததாக நான் புரிந்துகொள்கிறேன். சிதம்பரம் அப்போது பெரும்பற்றப்புலியூர். இராசாதிராச வளநாட்டில் தனி நிருவாகம் பெற்ற தனியூர். கோயிலுக்கு நந்தவனம், தோப்பு, திருமடம் என்று நிலம் வாங்கிக் கொடுப்பது பெரிய மனிதர்களுக்கு ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் தளபதியாயிருந்த நரலோகவீரன் அந்தப் போட்டியில் முன்னணி. இன்னொரு பக்கம், துரோகத்துக்காகவோ வரி பாக்கிக்காகவோ பறித்த நிலத்தை அரசன் பெயரால் விற்பதற்கு ‘இராசராசப் பெருவிலை’ என்று தனிப்பெயரே வழங்கத் தொடங்கிற்று. உடையார்குடியில் விதிவிலக்காக நடந்தது, இருநூற்றைம்பது ஆண்டில் வாடிக்கையாகிவிட்டது.

போர் வேறு. 1231இல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். மீட்க வந்த ஒய்சளத் தளபதிகள் இதே கடலூர் வட்டாரத்து ஊர்களை அழித்துக்கொண்டே போனதைத் திருவந்திபுரம் கல்வெட்டு பெருமையாகவே பட்டியலிடுகிறது. எரிந்த ஊரில் யாருக்குக் காணி இருந்தது, திரும்பி வந்தவர் யார், வராதவர் நிலத்தில் யார் ஏர் பூட்டினார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது.

இனி விருத்தாசலம். இந்தச் சொற்பொழிவில் எனக்கு நேரம் குறைந்துபோய் ஒரே ஒரு கல்வெட்டைத்தான் பேசலாம் என்று அவைத்தலைவர் சொல்லியிருந்தால், உடையார்குடியை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்திருப்பேன். ஆண்டு 1429. விசயநகர ஆட்சி, இரண்டாம் தேவராயன் காலம். விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை, கீழப்பழுவூர் என்று கொள்ளிடத்தின் இருபுறமும் பல கோயில்களில் ஏறத்தாழ ஒரே செய்தியை வெட்டிவைத்திருக்கிறார்கள். வெட்டச் சொன்னது அரசனும் இல்லை, சபையும் இல்லை. வலங்கை 98, இடங்கை 98 என்று இரு அணியாக நின்ற சாதியார் கூடி, ‘நாம்’ என்று தன்மையில் பேசுகிறார்கள். விளைவைப் பார்க்காமல் வரி விதிக்கிறார்கள், அதிகாரிகளும் பணிக்கு ஈடாக நில வருவாய் பெற்ற சீவிதக்காரரும் நெருக்குகிறார்கள், அவர்களோடு பிராமணக் காணியாளரும் வெள்ளாளக் காணியாளரும் சேர்ந்துகொள்கிறார்கள் என்று குற்றச்சாட்டு. எந்தப் பயிருக்கு, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கொடுப்போம் என்று அவர்களே விகிதம் குறிக்கிறார்கள். கெடுதல் செய்த அதிகாரிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. அவர்களுக்குக் கணக்கு எழுதுவதில்லை. கட்டுப்பாட்டை மீறுகிற நம்மவனும் துரோகியே.

கணக்கு எழுதமாட்டோம் என்பதன் கூர்மையைப் பாருங்கள். ஐந்நூறு ஆண்டாக அந்த ஊர்களில் உரிமை என்பது எழுத்தில்தான் இருந்தது: ஓலையில், புத்தகத்தில், கல்லில். அந்த எழுத்தையே நிறுத்தினால் காணியாளனின் காணி காற்றில் ஆடும். இந்த எதிர்ப்பை வழிநடத்தியவர்களுக்கு நில உடைமை எதன்மேல் நிற்கிறது என்பது, நம்மில் பல ஆய்வாளர்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கராஷிமாவும் சுப்பராயலுவும் 1980களில் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்த பிறகுதான் இதன் முழு உருவம் வெளியே வந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வலங்கை, இடங்கை என்று திரண்டவர்கள் எல்லாரும் நிலமற்ற கூலிகள் இல்லை. அவர்களில் உழவர் உண்டு, கைவினைஞர் உண்டு, வணிகர் உண்டு. சேரியின் குரல் அந்த ‘நாம்’ என்பதற்குள் எவ்வளவு இருந்தது என்பதைக் கல்லை வைத்து அளக்க முடியாது. இதை உழவர் புரட்சி என்று ஒரே பெயரில் முடித்துவிடுபவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து.

பிற்காலத்தை விரைவாகக் கடக்கிறேன். 1690இல் மராட்டியரிடம் கடலூர்க் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை தங்களுக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’. பெண் யானை நடந்து எல்லை வகுத்த நாட்டில் பீரங்கி சுட்டு எல்லை வகுத்தது ஒரு முன்னேற்றம்தான்! 1818இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் மிராசு உரிமை பற்றிய தம் விடைகளை வெளியிட்டபோது, பழைய காணியாட்சிதான் மிராசு என்ற பெயரில் நடக்கிறது என்று கண்டு, அதற்குக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் சான்றாகக் காட்டினார். தமிழ்க் கல்வெட்டுகளை ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அக்கறையோடு படித்ததற்குக் காரணம் தமிழ்ப்பற்று மட்டும் இல்லை, நிலவரி.

அதன் பிறகு ஐம்பது ஆண்டுக்குள் இந்த ஊர்ச் செய்தி வருகிறது. 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் இங்கே சத்திய தருமசாலையைத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அரசன் கொடுத்ததில்லை, தளபதி விலைக்கு வாங்கி வைத்ததில்லை. குடியானவர்கள் தங்கள் நிலத்தைக் கொடுத்தது. நான் இதுவரை சொன்ன எந்தத் தானத்தின் வகையிலும் அது சரியாகப் பொருந்தவில்லை. உண்பவர் யார் என்று சாதி பார்த்துக் குறிக்காத அன்னதானத்துக்குப் போன நிலம் என்பதாலும் பொருந்தவில்லை. உடையார்குடியில் வியாழகஜமல்லன் வைத்த அறத்தில் உண்ண உரியவர் யார் என்று கல்லே சொல்லிவிடுகிறது.

அந்த 80 காணியைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சொல் சொல்லி அமர்கிறேன். நம் தென்னார்க்காட்டு வழக்கில் ஒரு காணி 1.32 ஏக்கர். ஆக 80 காணி ஏறத்தாழ 106 ஏக்கர். சோழர் கல்வெட்டில் பழகிய கண்ணோடு அதே எண்ணைப் படித்தால் கதை வேறு. அங்கே 20 மா ஒரு வேலி, மாவில் நாலில் ஒன்று காணி. எண்பது காணி சேர்ந்தால் ஒரே ஒரு வேலி, நம் கணக்கில் ஏழு ஏக்கருக்கும் குறைவு. அந்த வேலியும் நிலையானதன்று. பதினாறு சாண் கோல், பன்னிரண்டு அடிக் கோல் என்று எந்தக் கோலால் அளந்தார்களோ அதைப் பொறுத்து விரியும், சுருங்கும். ஆகவே ஒரு நிலக் கல்வெட்டை வாசிக்கும்போது யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதற்கு முன்னால் எந்தக் கோல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோலின் நீளத்தைப் பல கோயில்களில் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள்.